கால் வலிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயா? வயதான பூனையின் நுரையீரல் புற்றுநோயில் நாம் தவறவிடுபவை

எங்கள் வீட்டுக் கறுப்பிக்கு 13 வயதானபோது, வலது முன்காலைத் தூக்கித் தூக்கி நடக்க ஆரம்பித்தாள். பார்த்தால் ஒரு விரல் வீங்கியிருந்தது. நகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றது. சோபாவைப் பிறாண்டும்போது மாட்டியிருக்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். பார்த்த டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக், அப்புறம் இரண்டு வாரம் வேறொரு ஆன்டிபயாட்டிக். வீக்கம் கொஞ்சம் வடிவதுபோல இருக்கும், திரும்ப வரும். ஐந்தாவது வாரம் இடது பின்காலிலும் ஒரு விரல் வீங்கியது.

அப்போது போன இன்னொரு மருத்துவமனையில், டாக்டரம்மா பாதத்தை வாங்கி ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

கால் வலிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. பில்லை ஏற்றப் பார்க்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். படத்தில் நுரையீரலின் பின்மடலில் நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. அதுவரை கறுப்பி ஒருமுறைகூட இருமி நான் பார்த்ததில்லை.

இந்த நோயில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாதி இங்கேதான் தொடங்குகிறது. நோய் இருப்பது ஓரிடம், தெரிவது வேறிடம். தெரிகிற இடத்துக்கே மருந்து போட்டுக்கொண்டிருப்போம்.

பயப்படுவதற்கு முன் ஒன்று. பூனையின் நுரையீரலிலேயே தொடங்கும் புற்றுநோய் அரிது. பூனைகளுக்கு வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான் இந்த வகை. வேறெங்கோ தொடங்கி நுரையீரலுக்குப் பரவுவது இதைவிட அதிகம். வருகிற பூனைகளின் சராசரி வயது 12 வாக்கில் இருக்கும். மனிதக் கணக்கில் அறுபதைத் தாண்டிய வயது அது. ஆகவே தும்முகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய பூனை வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

விரலை மட்டும் பார்ப்பது

பூனையின் நுரையீரல் கட்டிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாய்களைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கிருந்து உதிரும் செல்கள் இதயத்துக்கு வந்து, உடலெங்கும் பாயும் ரத்தத்தோடு கிளம்புகின்றன. பூனையின் விரல்நுனிகளில் ரத்த ஓட்டம் அதிகம். செல்கள் அங்கே போய்ச் சிக்கி, நகத்தைத் தாங்கும் கடைசிச் சிறு எலும்பில் குடியேறி அதை அரிக்கத் தொடங்கும். மருத்துவர்கள் இதற்கு நுரையீரல்–விரல் நோய்க்குறி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மனிதர்களிடம் இப்படி நடப்பது மிக மிக அரிது. பூனை விஷயத்தில், விரல் வீக்கத்தைப் பார்த்துத்தான் நெஞ்சில் கட்டி இருப்பதே பல நேரம் தெரியவருகிறது.

2000ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. விரலில் கார்சினோமா வகைப் புற்று இருந்த 64 பூனைகளை எடுத்துக்கொண்டு, அந்தப் புற்று எங்கே தொடங்கியது என்று பார்த்தார்கள். 56 பூனைகளுக்கு அது நுரையீரலிலிருந்து வந்திருந்தது. விரலிலேயே தொடங்கியது வெறும் 8 பூனைகளுக்கு.

இந்தக் கணக்கு தெரிந்தால் அடுத்த தவறு ஏன் தவறு என்று சொல்லாமலே விளங்கும். விரலை வெட்டி எடுத்துவிடுவது. "விரல்ல கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்" என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டியின் வேர் நெஞ்சில் இருக்கும்போது, விரல் போன புண் ஆறுவதற்குள் இன்னொரு விரல் வீங்கும். அந்த வயதில் மயக்க மருந்தும் வெட்டுக்காயமும் தாங்கிய பூனைக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. வெட்டுவதற்கு முன் நெஞ்சைப் படமெடுங்கள். படம் சுத்தமாக இருந்தால் விரலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

எந்த விரல் வீக்கத்துக்கு இப்படி யோசிக்க வேண்டும்? இரண்டு வயதுக் கடுவன் ராத்திரி சண்டை போட்டுவிட்டு ஒற்றை விரல் வீங்கி வந்தால் அது பெரும்பாலும் சீழ்தான். பூனை பத்து வயதைத் தாண்டியதா, நகம் கோணி வெளியே நிற்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட விரலா, வேறு வேறு கால்களிலா, இரண்டு வாரம் மருந்து கொடுத்தும் ஆறவில்லையா என்று பாருங்கள். தரையில் ஊன்றும் விரல்களில்தான் இது அதிகம் வரும். முன்காலில் தரையைத் தொடாமல் மேலே நிற்கிறதே ஒரு குட்டி விரல், அதில் அபூர்வம். சீழ் வடிவதை வைத்து "இது வெறும் இன்பெக்ஷன்" என்று நிம்மதி அடையாதீர்கள். புற்று அரித்த இடத்திலும் கிருமி சேரும், சீழ் வரும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அந்தச் சீழ் குறையவும் செய்யும். நாங்கள் மூன்று வாரம் ஏமாந்தது அதில்தான்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரலுக்கு வந்துவிட்டது என்றால் நோய் பரவிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளுக்கு மிச்சமிருப்பது சராசரியாக இரண்டு மாதம் வாக்கில். அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு என்று கேட்கலாம். அந்த இரண்டு மாதத்தை வெட்டுக்காயத்தோடும் பயனில்லாத மாத்திரைகளோடும் கழிக்காமல், வலி மருந்தோடு ஜன்னலோரம் கழிக்க வைப்பதற்கு.

முடி உருண்டை என்று விட்டுவிடும் இருமல்

எல்லாப் பூனையும் கறுப்பிபோல இருமாமலே இருக்காது. பல பூனைகளுக்கு இருமல் வரும். ஆனால் பூனை இருமுவதை நாம் இருமலாகப் பார்ப்பதில்லை, "முடியைக் கக்கப் பார்க்குது" என்று தாண்டிப் போய்விடுவோம்.

வித்தியாசம் கண்ணால் பார்த்தே பிடிபடும். வாந்தி எடுக்கும் பூனையின் வயிறு அலையலையாக உள்வாங்கும், வாயில் எச்சில் ஊறும், கடைசியில் ஏதாவது வெளியே வரும். இருமும் பூனை தரையோடு தரையாகக் குந்தி, முழங்கைகளை அகட்டி, கழுத்தை முன்னால் நீட்டி "கக், கக், கக்" என்று சத்தம் போடும். முடிவில் எதையோ விழுங்குவதுபோல விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போகும். இப்படி வாரத்துக்கு நாலு தடவை நடந்து, தரையில் முடியே விழவில்லை என்றால் அது இருமல்தான். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது. அங்கே போனதும் மேசைமேல் பொம்மை மாதிரி உட்காரும்.

அடுத்தது ஆஸ்துமா. பூனைகளுக்கு ஆஸ்துமா உண்டு, சாதாரணமாகவே உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இளவயதிலோ நடுவயதிலோ தொடங்குவது. பன்னிரண்டு வயதுவரை சும்மா இருந்த பூனைக்கு முதல்முறையாக ஆஸ்துமா என்று யாராவது சொன்னால், எக்ஸ்ரே எடுத்துவிட்டுச் சொல்கிறாரா என்று கேளுங்கள். படமே எடுக்காமல் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டு அனுப்புவது நம் ஊரில் புதிதல்ல. ஊசி போட்டதும் பத்து நாள் பூனை நன்றாகச் சாப்பிடும், இருமல் குறையும், வீடே சந்தோஷப்படும். ஸ்டீராய்டு எந்த வீக்கத்தையும் தற்காலிகமாகத் தணிக்கும், பசியையும் தூண்டும். "மருந்துக்குக் கேட்டுது, அதனால ஆஸ்துமாதான்" என்ற வாதம் நிற்காது. நெஞ்சில் இருப்பது லிம்ஃபோமா என்ற வேறு வகைப் புற்றாக இருந்தால் இன்னும் சிக்கல். முதலிலேயே ஸ்டீராய்டு போட்டுவிட்டால் பரிசோதனையில் அது சரியாகப் பிடிபடாமல் போகலாம், பின்னால் கொடுக்கும் சிகிச்சைக்கும் மசியாமல் போகலாம். போதாக்குறைக்கு அந்த ஊசியே சில பூனைகளுக்குச் சர்க்கரை நோயைக் கொண்டுவந்துவிடும்.

"வயசாயிடுச்சு"

இளைத்துப்போன கிழட்டுப் பூனையைப் பார்த்து எல்லாரும் சொல்லும் ஒரே சொல் இது. நானும் சொன்னேன்.

நாலு கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் நமக்குக் கண்ணில் படாது, முடி மறைத்துவிடும். ஆனால் அது 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். வயது தானாக யாரையும் அப்படி இளைக்க வைக்காது, பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதிவைத்தால் போதும். நாம் ஏறி நின்று பார்க்கும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்க்கும் கணக்கு இதற்கு உதவாது. அந்தத் தராசின் பிழையே நூறு, இருநூறு கிராம் வரும். கைக்குழந்தைக்கான தராசு ஒன்று வாங்கலாம். இல்லையென்றால் தெரிந்த மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கூடையோடு கொண்டுபோகலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே ஒவ்வொரு மாதமும் "எவ்ளோ கூடியிருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

எடை குறைந்தால் முதல் சந்தேகம் புற்றுநோயாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை ஆகியவைதான் வயதான பூனைகளிடம் அதிகம். ரத்தப் பரிசோதனையில் அவை தெரியும். ஆனால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் "பயமில்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுவது அடுத்த தவறு. நுரையீரல் புற்றுநோயை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவும் இல்லை. ரத்தம் சரியாக இருந்து எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனால், அடுத்த படி நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு கணக்கு, தூங்கும்போது மூச்சை எண்ணுவது. நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நன்றாகத் தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். சுகமாக "குர்ர், குர்ர்" என்று சத்தமிட்டுக்கொண்டே கிடக்கும்போது எண்ணினால் கணக்கு தப்பும். தொடர்ந்து 30ஐத் தாண்டுகிறதென்றால் நாள் தள்ளாதீர்கள்.

படத்தில் வெள்ளை தெரிந்ததும்

இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரே ஒரு கோணத்தில் படமெடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்பது ஒரு பக்கம். பூனையை ஒரு பக்கமாகப் படுக்க வைக்கும்போது கீழே இருக்கும் நுரையீரல் அமுங்கிவிடும், அதற்குள் இருக்கும் சின்னக் கட்டி தெரியாது. வலப்பக்கம், இடப்பக்கம், நேராக ஒன்று என்று மூன்று படம் எடுத்தால்தான் நம்பலாம். சில மில்லிமீட்டர் அளவுக் கட்டிகள் அதிலும் தப்பும், சிடி ஸ்கேனில்தான் தெரியும்.

வெள்ளையாக எது தெரிந்தாலும் கேன்சர் என்று கையை விரிப்பது மறுபக்கம். பல்லி, எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு நுரையீரல் புழு வரும், அதுவும் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பச்சை நன்னீர் நண்டு தின்ற பூனைக்கு வேறொரு ஒட்டுண்ணி நுரையீரலில் நீர்க்கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். பூஞ்சைத் தொற்றும் பழைய நிமோனியாவும்கூடக் கட்டிபோலத் தோன்றும். இவற்றில் சில, புழு மருந்திலேயே சரியாகிவிடும். எதுவென்று சொல்லாமல், படத்தை மட்டும் காட்டிக் கருணைக்கொலை பற்றிப் பேசினால், எழுந்து வந்து இன்னொருவரிடம் கேளுங்கள்.

உறுதிப்படுத்த, மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். "ஊசி பட்டா கேன்சர் பரவிடும்" என்று அதற்கு ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய. நம் வீடுகளில் மனிதர்களுக்கே இதைச் சொல்லிப் பயாப்ஸியைத் தள்ளிப்போடுவோம், பூனையை விடுவோமா? ஊசித்தடத்தில் புற்று பரவுவது அபூர்வம். இதில் உண்மையான ஆபத்து வேறு: ஊசி போன ஓட்டை வழியாகக் காற்று கசிந்து நெஞ்சுக்குள் சேரலாம். அதனால் ஊசி போட்டபின் சில மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பெண் பூனையாக இருந்தால், படத்தில் பல புள்ளிகள் தெரிந்தால், வயிற்றைத் திருப்பிப் பால்காம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். பூனைக்கு மார்பில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு 85, 90 கெட்ட வகைதான். அவை விரும்பிப் போகும் இடம் நுரையீரல். ஒரு வயதுக்குள் கருப்பை அறுவை செய்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது. ஆறு மாதத்துக்குள் என்றால் பத்தில் ஒன்பது பங்கு குறையும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். "ஒரு ஈத்துப் போடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் வழக்கத்துக்கு விலை இது.

நெஞ்சில் நீர்

சில பூனைகளுக்கு விரலும் வீங்காது, இருமலும் வராது. திடீரென்று ஒருநாள் மூச்சு வாங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, நுரையீரலை விரியவிடாமல் அழுத்தியிருக்கும். பூனை படுக்காது. முழங்கையை விரித்து, தலையை நீட்டி உட்கார்ந்தே இருக்கும், வயிற்றால் மூச்சு இழுக்கும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது சகஜம். பூனை ஓய்வாக இருக்கும்போது வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அது அவசரம். ராத்திரி பதினொரு மணி என்றாலும் அவசரம்.

இந்த நேரத்தில் தண்ணீர் புகட்டாதீர்கள், மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவாதீர்கள், சுற்றி நின்று நாலு பேர் பார்க்காதீர்கள். கூடையில் விட்டு, மேலே துணி போட்டு, குலுக்காமல் கொண்டுபோங்கள். நல்ல மருத்துவமனையில் முதலில் ஆக்ஸிஜன் கொடுப்பார்கள், பிறகு ஊசியால் நீரை எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே. மூச்சு முட்டும் பூனையைப் படத்துக்காக அமுக்கிப் படுக்க வைத்தால் மேசைமேலேயே போய்விடலாம். நாலு கிலோ பூனையின் நெஞ்சிலிருந்து ஒரு டம்ளர் நீர் வருவது அதிசயமில்லை. எடுத்த அரை மணியில் பூனை முகம் கழுவ ஆரம்பிக்கும்.

அந்த நீரைக் கொட்டிவிடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நெஞ்சில் நீர் என்றால் புற்றுநோய் என்று மட்டும் அர்த்தமில்லை. இதய நோயிலும் வரும், சீழாகவும் இருக்கும், நிணநீராகவும் இருக்கும். சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. நீர் பிரியும் மாத்திரை இதய நோயாளிப் பூனைக்கு உதவும், புற்றுநோயால் கோத்த நீரை அது வற்றவைக்காது.

வீட்டு வைத்தியம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மூச்சிரைக்கிறதே என்று யூக்கலிப்டஸ் தைலம் போட்டு ஆவி காட்டாதீர்கள். நெஞ்சில் தைலம் தேய்க்காதீர்கள், கற்பூரம் கரைத்துத் தடவாதீர்கள். நமக்கு இதமான இவையெல்லாம் பூனையின் கல்லீரலால் கையாள முடியாத பொருட்கள். தடவியதை அது நக்கி விழுங்கவும் செய்யும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும் பூனையைக் கொல்ல. தெம்புக்கு என்று கோழி சூப் வைத்தால் பூண்டும் வெங்காயமும் இல்லாமல் வையுங்கள். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உறவில் ஒரு டாக்டர் இருப்பார், கேன்சர் வார்டில் வேலை பார்ப்பார், "எடைக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் கொடுத்தா போச்சு" என்பார். அன்பாகத்தான் சொல்வார். மனித நுரையீரல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து, பூனைக்குக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக் கொன்றுவிடும். அதன் சகோதர மருந்தான கார்போபிளாட்டினைப் பூனை தாங்கும். எடையைக் குறைத்த மனிதன் அல்ல பூனை.

அறுவை செய்வதா, வேண்டாமா

"கிழட்டுப் பூனைக்குப் போய் ஆபரேஷனா" என்ற பேச்சு வீட்டுக்குள் வந்தே தீரும். வயது மட்டும் காரணமென்றால் அது சரியான காரணமில்லை. பூனையின் நுரையீரலில் வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் இரண்டு என்று மொத்தம் ஆறு மடல்கள். கட்டி ஒரே மடலில் இருந்தால் அந்த மடலை முழுசாக எடுத்துவிட்டாலும், மீதியை வைத்துப் பூனை சாதாரணமாக மூச்சுவிடும்.

ஆனால் எல்லாப் பூனைக்கும் பலன் ஒன்றல்ல. 1979 முதல் 1994 வரை அமெரிக்காவில் அறுவை செய்யப்பட்ட 21 பூனைகளின் கணக்கை 1998இல் வெளியிட்டார்கள். செல்கள் ஓரளவு ஒழுங்கான வடிவத்தில் இருந்த கட்டிகள் உள்ள பூனைகளின் நடுமதிப்பு வாழ்நாள் 698 நாள். செல்கள் தாறுமாறாக இருந்தவற்றுக்கு 75 நாள். பூனைகளின் எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் ஒரே பெயருள்ள நோயில் இரண்டு வருடத்துக்கும் இரண்டரை மாதத்துக்கும் இடையிலான தூரம் அது. நிணநீர் முடிச்சு வீங்கியிருந்தாலோ, நெஞ்சில் நீர் இருந்தாலோ, விரலுக்குப் பரவியிருந்தாலோ அறுவையால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்த, ஒரே மடலில் உள்ள கட்டிக்குத்தான் அறுவை நல்ல பலன் தரும்.

எனவே அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன், நெஞ்சு சிடி ஸ்கேன், வயிற்று ஸ்கேன், பதினெட்டு விரல் நகமும் தடவிப் பார்த்தல் எல்லாம் முடிந்ததா என்று கேளுங்கள். முன்கால்களில் உள்ள பத்தோடு பின்கால்களில் எட்டு, மொத்தம் 18. எடுத்த மடலை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பாமல் செலவை மிச்சம் பிடிப்பதும் தவறு. 698ஆ 75ஆ என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

கீமோ என்றதும் முடி கொட்டி, வாந்தியெடுத்து வாடும் மனிதர்கள் நினைவுக்கு வருவார்கள். பூனைக்குக் கொடுக்கும் அளவு குறைவு, நோக்கமும் வேறு. மீசைமுடி உதிரலாம், உடல் முடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் இந்தப் புற்றுநோயில் கீமோவால் எவ்வளவு நாள் கூடுகிறது என்பதற்குப் பலமான சான்றுகள் இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களை அன்பில்லாதவர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்களும் வேண்டாமென்றோம்.

குற்ற உணர்ச்சியும் கடைசி நாட்களும்

"வீட்டில் சிகரெட் பிடித்ததால்தான் வந்ததா?" என் அண்ணன் இதை மூன்று முறை கேட்டான். 2002இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, புகைபிடிப்பவர் வீட்டுப் பூனைகளுக்கு லிம்ஃபோமா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. ஐந்து வருடத்துக்கு மேல் புகையில் இருந்தவற்றுக்கு மூன்று மடங்கு. அது லிம்ஃபோமா. நுரையீரல் கட்டிக்கு அப்படி ஒரு நேர்க்கோடு இன்னும் போட்டுக்காட்டப்படவில்லை. அவனிடம் அப்படியே சொன்னேன். வீட்டுக்குள் பிடிப்பதை நிறுத்தச் சொன்னேன், அது எப்படியும் நல்லது. மூச்சு வாங்கும் பூனை இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் நான் செய்த தவறு வாயைத் திறந்து ஊட்டியது. சிரிஞ்சில் அரைத்த மீனை வைத்து அழுத்தினேன். இரண்டாம் நாளிலிருந்து மீன் வாசனை வந்தாலே கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அப்படி ஊட்டும்போது மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. அதற்காகப் பட்டினியும் போட முடியாது. பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து வேறு நோய் வரும். பசியைத் தூண்ட மிர்ட்டாசபின் என்ற மருந்து இருக்கிறது, டாக்டரிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். உணவைக் கை சூட்டுக்குச் சுடவைத்தால் வாசனை எழும், அதற்கே சில பூனைகள் வரும். கறுப்பி வேகவைத்த மத்திக்கு வந்தாள்.

"குர்ர், குர்ர்" என்று சத்தமிடுகிறதே, அப்படியானால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள். பூனை வலியிலும் பயத்திலும்கூட அப்படிச் சத்தமிடும். முகத்தைப் பாருங்கள்: காது பக்கவாட்டில் சாய்ந்து, கண் பாதி மூடி, மூக்கும் வாயும் இறுகி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலிக்கிறது. மேலே ஏறுவதை நிறுத்தியதும், மண் தட்டுக்கு வெளியே போவதும் அதே செய்திதான். கன்னத்துக்குள் விடும் புப்ரெனார்ஃபினும், காபாபென்டினும் பூனைக்கு ஏற்ற வலி மருந்துகள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று அவற்றைத் தள்ளிப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

கடைசி முடிவை மூச்சுத் திணறும் ராத்திரிக்கு விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. அப்போது எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருப்போம், பூனை கூடைக்குள் வாயைத் திறந்துகொண்டிருக்கும். எந்தெந்தக் குறி தெரிந்தால் போதும் என்று முடிவெடுப்பது, வீட்டுக்கு வர யார் ஒப்புக்கொள்வார் என்பதையெல்லாம் நல்ல நாளிலேயே பேசி எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் தாளில் மூன்று வரி இருந்தது: மத்தியைத் தொடாமல் இரண்டு நாள், தூங்கும்போது மூச்சு 50க்கு மேல், ஜன்னல் திட்டில் ஏற முடியாதது. முதலில் தூக்க ஊசி போட்டு, முழுசாக உறங்கியபின் இரண்டாவது ஊசி போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலானோர் செய்வார்கள், கேட்காவிட்டால் சிலர் நேரடியாகப் போட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் கேட்டோம். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஜன்னல் திட்டிலேயே வைத்துப் போட்டார். முந்தின நாள் நாங்கள்தான் அவளை அங்கே தூக்கி வைத்திருந்தோம்.